இருபது மெகாபைட்டின் விலை: வீட்டுக் கணினிகளை ஒப்பிட்டதில் நான் செய்த பிழை

சில மாதங்களுக்கு முன் இப்பக்கத்தில் ஓர் அட்டவணை இட்டிருந்தேன். 1980களில் ஒன்றோடொன்று போட்டியிட்ட மக்கின்டோஷ், அடாரி எஸ்டி, அமிகா, ஐபிஎம் வகைக் கணினிகள் ஆகியவற்றுக்கு வன்வட்டு என்ன விலைக்கு விற்றது, ஒரு மெகாபைட்டுக்கு எவ்வளவு ஆயிற்று என்பதே அதன் உள்ளடக்கம். பலரும் பகிர்ந்தார்கள். சென்ற வாரம் முதுகலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். அதன் மூன்றாம் இயல் முழுவதும் அந்த அட்டவணையின் மீதே எழுப்பப்பட்டிருந்தது. படித்துக்கொண்டே வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. எண்கள் சரி, அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தியது தவறு. அந்தத் தவற்றுக்குப் பொறுப்பு என்னுடையது என்பதால், அவருக்குத் தனியே எழுதியதை விரித்து இங்கே பதிகிறேன்.

என் அட்டவணை சொன்னது இதுதான். 1981இல் ஆப்பிள் III கணினிக்கு வெளிவந்த புரோஃபைல் வன்வட்டு 5 மெகாபைட், 3,499 டாலர். 1983 மார்ச்சில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி, 10 மெகாபைட் வன்வட்டுடன் 4,995 டாலர். 1985இல் மக்கின்டோஷுக்கான ஹார்டு டிஸ்க் 20, 20 மெகாபைட், 1,495 டாலர். அதற்கு அடுத்த ஆண்டு அடாரியின் எஸ்எச் 204, அதே 20 மெகாபைட், ஏறக்குறைய 800 டாலர். 1989இல் அமிகா 500க்கு ஏ590, மீண்டும் அதே 20 மெகாபைட், பிரிட்டனில் 400 பவுண்டு அளவில். இவற்றைக் கொண்டு நான் எழுதிய முடிவு: ஆப்பிள் பேராசை கொண்டது, அடாரி தாராளம் காட்டியது, கொமடோர் காலம் தாழ்த்தியது. படிக்கச் சுவையாக இருந்தது. அதனால்தான் பரவியது என்றும் நினைக்கிறேன்.

முதலில் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். புரோஃபைலுக்குள் சுழன்றது ஆப்பிள் செய்த வட்டன்று. சீகேட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட எஸ்டி-506 என்னும் ஐந்தேகால் அங்குலப் பொறி. அதன் விலை 1,500 டாலர். அதாவது ஒரு மெகாபைட் 300 டாலருக்குக் கிடைத்த பொறி, ஆப்பிளின் பெட்டிக்குள் நுழைந்தபின் ஒரு மெகாபைட் 700 டாலர் ஆகியிருக்கிறது. இடைப்பட்ட 2,000 டாலரும் இலாபம் என்று சொல்லிவிட முடியாது. எஸ்டி-506 தானாக எதையும் செய்யாது. எந்தத் தடத்துக்கு நகர வேண்டும், காந்த அலைவரிசையில் எது தரவு, எது நேரக்குறி என்பதையெல்லாம் பிரித்தறியத் தனியே ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று வேண்டும். புரோஃபைலில் அதை ஆப்பிள் தானே வடிவமைத்தது. அதனோடு மின்வழங்கி, உறை, கணினிக்குள் செருகும் அட்டை எல்லாம் சேர்ந்ததே அந்த 3,499.

1980களின் நடுப்பகுதியில் மிகப் பரவலாக இருந்த இருபது மெகாபைட் பொறியையும் இப்படியே எடுத்துக்கொள்ளலாம். சீகேட் எஸ்டி-225. நான்கு தலைகள், 615 உருளைத்தடங்கள், ஒரு தடத்தில் 17 பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் 512 பைட்டுகள். பெருக்கினால் 2,14,11,840 பைட்டுகள். இதே அமைப்புடைய பொறியை ஆர்எல்எல் என்னும் வேறு குறியீட்டு முறைக்கு ஏற்றதாகச் சான்றளித்து எஸ்டி-238ஆர் என்ற பெயரில் சீகேட் விற்றது. அதில் ஒரு தடத்துக்கு 26 பிரிவுகள். கொள்ளளவு மூன்று கோடியே இருபத்தேழு இலட்சம் பைட்டுகளைத் தாண்டிவிடும். தட்டுகளோ தலைகளோ கூடவில்லை. கட்டுப்பாட்டு அட்டை மாறியது, பதினொரு மெகாபைட் பிறந்தது. ஆகவே ‘ஒரு மெகாபைட்டின் விலை’ என்று எழுதும்போது, நாம் அளப்பது வட்டையா, அதை ஆளும் அட்டையையா என்ற கேள்வி வந்துவிடுகிறது.

வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 3,600 சுற்று என்றால் நொடிக்கு 60. ஒரு சுற்றில் 17 பிரிவுகளையும் படிக்க முடிந்தால் நொடிக்கு 5,22,240 பைட்டுகள் வர வேண்டும். ஆனால் எக்ஸ்டியின் அட்டையால் அடுத்தடுத்த பிரிவுகளை உடனுக்குடன் விழுங்க முடியாது. எனவே பிரிவுகளை இடைவெளி விட்டு எண்ணினார்கள். ஒரு தடத்தை முழுதாகப் படிக்க ஆறு சுற்றுகள். வேகம் நொடிக்கு 87,000 பைட்டாகக் குறைந்தது. ஏடி மாதிரியில் மூன்று சுற்றுகள் போதுமாயின. வாங்கியவரின் வன்வட்டு அதே வேகத்தில்தான் சுழன்றது. பயன் மட்டும் இரண்டு மடங்கு வேறுபட்டது.

இப்போது அட்டவணைக்கு வருவோம். வன்வட்டை இயக்கத் தேவைப்படும் பிற உறுப்புகளின் செலவை எந்த இடத்தில் ஏற்றுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறாக முடிவு செய்தது. நான் கவனிக்கத் தவறியது இதையே.

ஐபிஎம் அச்செலவைக் கணினிக்குள்ளேயே ஏற்றியது. 1981இன் பிசியில் மின்வழங்கி 63.5 வாட், எக்ஸ்டியில் 130 வாட். அட்டை செருகும் இடங்கள் ஐந்திலிருந்து எட்டாயின. எக்ஸ்டி வாங்கியவர் வன்வட்டு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வன்வட்டு ஒன்றுக்கு வேண்டிய மின்சாரத்துக்கும் இடத்துக்கும் காசு கொடுத்துவிட்டார். எக்ஸ்டியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் கணினிகளும் அதே பெரிய இரும்புப் பெட்டியைப் பின்பற்றின. அதனால் 1987 வாக்கில் அமெரிக்க அஞ்சல்வழி விற்பனையாளர்கள் எஸ்டி-225, கட்டுப்பாட்டு அட்டை, இரண்டு கம்பிப் பட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு 500 டாலருக்குள் விற்க முடிந்தது. உறையும் மின்வழங்கியும் வாங்குபவரிடம் முன்பே இருந்தன. திருப்புளி ஒன்று போதும். (பிறகு டீபக் நிரலைத் திறந்து, அட்டையின் நினைவக முகவரிக்குத் தாவி, வட்டை அடிமட்டத்திலிருந்து வடிவமைக்க வேண்டும். அந்த இரவுகளைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.)

மக்கின்டோஷ் மூடிய பெட்டி. 1984இல் 2,495 டாலருக்கு வந்த அந்த அழகிய பொருளில் அட்டை செருகும் துளை ஒன்றுகூட இல்லை. ஆகவே ஹார்டு டிஸ்க் 20, கணினியின் பின்புறத்தில் நெகிழ்வட்டுக்காக இருந்த துளையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த வழியே நொடிக்கு 62,500 பைட்டுக்கு மேல் போகாது. நாம் நகைத்த எக்ஸ்டியைவிடக் குறைவு. 512 கிலோபைட் மக்கின்டோஷின் பழைய ரோம் இந்த வட்டை அறியாததால், முதலில் ஒரு நெகிழ்வட்டால் எழுப்பி, பிறகு வன்வட்டிடம் கணினியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. 128 கிலோபைட் மாதிரியால் அதைப் பயன்படுத்தவே இயலாது. 1986 ஜனவரியில் வந்த மக்கின்டோஷ் பிளஸில்தான் ஸ்கஸி இணைப்பு கணினியின் உடலிலேயே இடம்பெற்றது.

அடாரியின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் தொடங்குகிறது. கொமடோரை விட்டு விலகிய ஜாக் டிராமியல் 1984 ஜூலையில் அடாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கினார். ஓராண்டுக்குள் 520எஸ்டி கடைக்கு வந்தது: கறுப்பு வெள்ளைத் திரையோடு 799 டாலர், வண்ணத் திரையோடு 999. விலையின்றி வலிமை என்பதே விளம்பரத்தின் சாரம். இத்தனை மலிவான கணினியில், வன்வட்டுக்கென்று ஏசிஎஸ்ஐ என்னும் நேரடி நினைவக அணுகல் துளையை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தார்கள். நொடிக்குப் பத்து இலட்சம் பைட்டுக்கு மேல் செல்லக்கூடிய வழி அது. வன்வட்டு வாங்காத பெரும்பான்மையினர் அனைவரும் அந்தத் துளைக்கான சிறு தொகையைப் பகிர்ந்து சுமந்தார்கள். வாங்கிய சிறுபான்மையினருக்கு அதனால் பெட்டி மலிந்தது.

நியாயமான ஒப்பீடு ஒன்றைச் செய்வதென்றால் இங்கேதான் செய்யலாம். 1986இல் மக்கின்டோஷ் பிளஸ் 2,599 டாலர். அதற்கான 20எஸ்சி வன்வட்டு ஏறத்தாழ 1,300. கூட்டினால் 3,900 அளவில். அதே ஆண்டு அடாரி 1040எஸ்டி கறுப்பு வெள்ளைத் திரையோடு 999. எஸ்எச் 204 வன்வட்டு 800. மொத்தம் 1,800. இரண்டிலும் அதே மோட்டரோலா 68000 செயலி, ஏறக்குறைய அதே கடிகார வேகம், அதே ஒரு மெகாபைட் நினைவகம், அதே 20 மெகாபைட். திரையில் அடாரிக்கே புள்ளிகள் அதிகம்: 640க்கு 400, மக்கின்டோஷுக்கு 512க்கு 342. என் பழைய அட்டவணையை ஆதரிக்கும் சான்று போலத் தோன்றும். ஆனால் 2,100 டாலர் வேறுபாட்டில் வன்வட்டின் பங்கு 500 மட்டுமே. எஞ்சிய 1,600 கணினியின் விலையில் இருக்கிறது. ஆப்பிளின் கை நீளம் என்றால், அது நீண்டது வன்வட்டில் அன்று. இதை நான் மாற்றி எழுதியிருந்தேன்.

அடாரியின் மலிவுக்கும் விலை இருந்தது. எஸ்எச் 204 பெட்டிக்குள் ஒரு சாதாரணப் பொறி, அதன் மீது அடாப்டெக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை, அதற்கும் அடாரியின் துளைக்கும் இடையே மொழிபெயர்க்க இன்னொரு பலகை. தனி மின்வழங்கி, இரைச்சலிடும் விசிறி. ஏசிஎஸ்ஐ ஸ்கஸியின் உறவினர்தான். ஆயினும் ஸ்கஸி அன்று. கடையில் மலியும் ஸ்கஸி வட்டை வாங்கி மாட்ட நினைத்தவர் ஐசிடி, சுப்ரா போன்ற நிறுவனங்களின் இடையமைவுப் பலகையை வாங்க வேண்டும். இயங்குதளமோ வன்வட்டுக்குத் தயாராகவே இல்லை. தொடக்ககால டாஸ் பதிப்புகளில் நாற்பது கோப்புறைகளைத் தொட்டபின் கணினி நிலைகுலையும். அதைச் சரிசெய்ய நினைவகத்தில் குடியிருக்கும் ஒட்டுநிரல் ஒன்று வேண்டும். இருபது மெகாபைட்டில் நாற்பது கோப்புறை என்பது ஒரு மாத வேலை.

கொமடோர் தன் பணத்தை வேறிடத்தில் செலவிட்டது. 1985 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகமான அமிகா 1000, திரையில்லாமல் 1,295 டாலர். அந்தப் பணம் அக்னஸ், டெனிஸ், பவுலா என்ற மூன்று சிறப்புச் சில்லுகளுக்குப் போயிற்று: 4,096 வண்ணங்கள், நான்கு ஒலித்தடங்கள், செயலியைத் தொந்தரவு செய்யாமல் படங்களை நகர்த்தும் சுற்று. பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டும் இயங்குதளமும் இருந்தது. வன்பொருளின் மதிப்பு என்று கேட்டால், அந்த விலையில் அதற்கு இணை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் வன்வட்டுக்கென ஒரு துளை இல்லை. பக்கவாட்டில் செயலியின் தடங்கள் திறந்து விடப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் வந்து தத்தம் கட்டுப்பாட்டுச் சுற்றைக் கட்டிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. தொழில்நுட்ப நோக்கில் அது பெருந்தன்மை. வாங்குபவர் நோக்கில் முழுச் செலவும் அவர் தலையில். அதுவுமன்றி, கிக்ஸ்டார்ட் 1.3 வரும் வரை, அதாவது 1988 வரை, வன்வட்டிலிருந்து அமிகாவை நேரடியாக எழுப்பவும் முடியாது.

ஏ590ஐ என் அட்டவணையில் வெறும் 20 மெகாபைட் வட்டாகப் போட்டிருந்தேன். அது வட்டு மட்டுமன்று. அதற்குள் 2 மெகாபைட் வரை கூடுதல் நினைவகம் செருகும் குழிகள் இருந்தன. வெளியே ஒரு ஸ்கஸி இணைப்பும், தனி மின்வழங்கியும் இருந்தன. அரை மெகாபைட்டோடு விற்ற அமிகா 500க்கு அது இன்னொரு பாதிக் கணினி. 1989 இறுதியில் பேட்மேன் விளையாட்டோடு சேர்த்து அமிகா 500 பிரிட்டனில் 399 பவுண்டுக்கு விற்றது. வன்வட்டும் கிட்டத்தட்ட அதே விலை. கணினி வாங்கிய குடும்பம், இன்னொரு கணினியின் விலையைக் கொடுத்தால்தான் நெகிழ்வட்டு மாற்றும் வேலையிலிருந்து விடுபடலாம்.

இந்த 399 என்ற எண்ணைப் பற்றி ஒரு வழிவிலகல். ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படும். 1986 செப்டம்பரில் ஆம்ஸ்ட்ராட் வெளியிட்ட பிசி 1512இன் தொடக்க விலையும் 399 பவுண்டு என்றே நூல்களில் காண்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆம்ஸ்ட்ராடின் விலை அன்றைய 15 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரி நீங்கலாகச் சொல்லப்பட்டது. வரியோடு 458 பவுண்டுக்கு மேல். அமிகாவின் விலை வரி உட்பட. வரியைக் கழித்தால் 347. வரியைத் திரும்பப் பெறும் வணிகருக்கு ஒருவிதமாகவும், திரும்பப் பெற வழியில்லாத பெற்றோருக்கு வேறுவிதமாகவும் விளம்பரம் பேசியது. விலை அச்சிடப்பட்ட முறையே, யாரை எண்ணி அச்சிட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்கப் பட்டியல் விலைகளில் மாநில விற்பனை வரி இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாலரையும் பவுண்டையும் ஒரே நிரலில் போட்டது என் இன்னொரு குற்றம்.

அதே ஆம்ஸ்ட்ராடைப் பற்றி இன்னொன்று. அதன் மின்வழங்கி திரைப்பெட்டிக்குள் இருந்ததால் கணினிக்கு விசிறி தேவைப்படவில்லை. ஆனால் விசிறி இல்லாத பெட்டியில் வன்வட்டு சூடேறிப் பழுதாகும் என்ற பேச்சு வணிக வட்டாரங்களில் பரவியது. வாடிக்கையாளர் மனநிறைவுக்காக நிறுவனம் விசிறியைப் பொருத்தியது. வன்பொருளின் மதிப்பு என்பதில் நம்பிக்கைக்கும் பங்குண்டு போலும்.

இனி மதிப்பின் மறுபக்கம். வன்வட்டு வாங்கினால் அதில் என்ன வைப்பது? அமிகாவின் விளையாட்டுகளில் பெரும்பாலானவை, அரை மெகாபைட் நினைவகமும் ஒரு நெகிழ்வட்டும் மட்டுமே உண்டு என்று எண்ணி எழுதப்பட்டவை. நகலெடுப்பதைத் தடுப்பதற்காக இயங்குதளத்தை ஒதுக்கிவிட்டு, நெகிழ்வட்டு இயக்கியின் சுற்றையே நேராக ஆண்டன. அவற்றை வன்வட்டில் ஏற்ற முடியாது. எவரிடமும் வன்வட்டு இல்லாததால் நிரலர்கள் அதற்காக எழுதவில்லை. நிரலர்கள் எழுதாததால் எவரும் வாங்கவில்லை. பிசியில் ஒவ்வொரு விளையாட்டும் வன்வட்டில் நிறுவப்படும் பொருளாக மாறிக்கொண்டிருந்த 1992இல், குரங்குத் தீவு விளையாட்டின் இரண்டாம் பாகம் அமிகாவுக்கு 11 நெகிழ்வட்டுகளில் வந்தது. ஒவ்வொன்றும் 880 கிலோபைட். மொத்தம் ஒன்பதரை மெகாபைட்டுக்குச் சற்று அருகில். ஏ590 வைத்திருந்த வீட்டில் பாதி வட்டு அதற்கே போய்விடும். இல்லாத வீட்டில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவதற்குள் சிறுவனின் கை வலித்திருக்கும்.

மேற்கு ஜெர்மனி இதற்கு விலக்கு. அங்கே எஸ்டி கணினி அலுவல் மேசையில் இடம்பிடித்தது. காலமஸ் போன்ற பக்க வடிவமைப்பு நிரல்கள் வளர்ந்தன. அடாரியின் எஸ்எல்எம் 804 லேசர் அச்சுப்பொறியும் வன்வட்டுக்கான அதே ஏசிஎஸ்ஐ துளையில்தான் இணைந்தது. அச்சுப்பொறிக்குள் பக்கத்தைக் கோக்கும் செயலி இல்லை. கணினியின் நினைவகமே அந்த வேலையைச் செய்தது. அதனால் மலிந்தது. துளை ஒன்றைக் கணினியில் முன்கூட்டியே வைத்ததன் பயன், பயன்படுத்துவோர் இருந்த நாட்டில் வெளிப்பட்டது.

செலவின் இடமாற்றத்தில் கடைசிப் படி ஐடிஈ. வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக், கான்னர் முதலிய நிறுவனங்களின் கூட்டுழைப்பில் 1980களின் பிற்பகுதியில் கட்டுப்பாட்டுச் சுற்று முழுதும் வட்டின் முதுகுக்கே போய்விட்டது. கணினியில் மிஞ்சியது சில மலிவான இடைநிலைச் சில்லுகளும் ஒரு கம்பிப் பட்டையும். பிசி உலகம் இதை விரைந்து விழுங்கியது. கொமடோர் வீட்டுக் கணினியில் ஐடிஈயைக் கொண்டுவந்தது 1992இல், அமிகா 600இல். அடாரி அதே ஆண்டின் இறுதியில், ஃபால்கனில். இரண்டிலும் உள்ளே இருந்தது மடிக்கணினிக்கான இரண்டரை அங்குல வட்டின் இடம். அது மேசைக் கணினியின் மூன்றரை அங்குல வட்டைவிட விலை கூடியது. விசைப்பலகைக்குள் கணினியை அடக்கியதால் 1985இல் மிச்சமான பணத்தை 1992இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1994 ஏப்ரலில் கொமடோர் நொடித்துப் போனது.

‘சிறந்த கணினி தோற்றது’ என்று இதைச் சொல்லும் வழக்கம் உண்டு. மேலாளர்களின் அறிவின்மையைக் காரணமாகக் காட்டுவார்கள். அந்த மாணவியின் வரைவும் அப்படியே முடிகிறது, என் அட்டவணையின் துணையோடு. மேலாளர்கள் அறிவாளிகள் என்று வாதிட வரவில்லை. ஆனால் 1985இல் 799 டாலருக்கும் 1,295 டாலருக்கும் கணினி விற்க முடிந்ததற்கும், 1990இல் வன்வட்டு எட்டாக்கனியாக இருந்ததற்கும் காரணம் ஒன்றே. பெட்டியையும் மின்சாரத்தையும் அட்டைத் துளையையும் விலையிலிருந்து நீக்கியதால்தான் அவை மலிவாயின. முன்னதைப் புகழ்ந்து பின்னதை மட்டும் பழிப்பது முறையாகாது. அட்டவணையைப் பழைய பதிவிலிருந்து நீக்கிவிட்டேன். மேற்கோள் காட்டியவர்கள் இப்பதிவைச் சுட்டினால் போதும்.

அமிகாவின் நெகிழ்வட்டு விளையாட்டுகளை வன்வட்டில் நிறுவ வழிசெய்யும் டபிள்யூஎச்டிலோடு என்னும் நிரல் ஆர்வலர்களின் முயற்சியால் 1996இல் வந்தது, கொமடோர் மறைந்து இரண்டாண்டு கழித்து. அதே 1996இன் ஜூலையில், கணினித் தொழிலைக் கைவிட்டுவிட்ட அடாரி நிறுவனம் ஜேடிஎஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்து தன் தனி இருப்பை முடித்துக்கொண்டது. ஜேடிஎஸ் செய்த பொருள் வன்வட்டு. அதை நிறுவியவர்களுள் ஒருவர், ஐபிஎம் பிசிக்கு நெகிழ்வட்டு இயக்கிகள் வழங்கிய டாண்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜுகி டாண்டன். அந்த வன்வட்டுகள் உருவான ஆலை இருந்தது சென்னையில். பின்னர் ஜேடிஎஸும் நொடித்தது. அதற்குச் சற்று முன் அடாரி என்ற பெயரையும் விளையாட்டு உரிமைகளையும் ஹாஸ்ப்ரோ ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அந்தச் சென்னை ஆலையில் பணியாற்றியவர்கள் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் எனக்கு எழுதுங்கள்.